ஆறே மாதத்தில் அடங்கிய கிளர்ச்சிக்கு இத்தனை பெயர் ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். கி.மு. 209-இல் சென் ஷெங், வூ குவாங் என்ற இருவர் சீனாவின் சின் பேரரசுக்கு எதிராகக் கிளப்பிய விவசாயிகள் கிளர்ச்சி ஆறு மாதத்தில் அடங்கிவிட்டது. தலைவர்கள் இருவரும் சொந்த ஆட்கள் கையாலேயே செத்தார்கள். அப்படியிருந்தும் பாடப் புத்தகங்கள் இதைத் திருப்புமுனை என்கின்றனவே, அது எவ்வளவு உண்மை? தாமதமாகப் போனால் மரண தண்டனை என்ற சட்டம்தான் அவர்களைக் கிளர்ந்தெழ வைத்தது என்பதும் சரிதானா? இந்த இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. தோற்றுப்போன ஒரு கிளர்ச்சி உண்மையிலேயே எதையாவது மாற்றுமா, அல்லது பின்னால் வந்தவர்கள் தங்கள் தேவைக்காக அதைத் தூக்கிப் பிடிக்கிறார்களா? நான் கல்லூரியில் தூரக் கிழக்கு நாடுகளின் வரலாற்றைப் பல ஆண்டுகள் நடத்தியவன். மாணவர்கள் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நான் தொல்லியலாளன் அல்ல. பழைய கல்லறைகளில் கிடைத்த மூங்கில் ஏடுகளைப் பற்றிப் பேசும்போது அவற்றைப் படித்து வெளியிட்டவர்களின் உழைப்பை நம்பித்தான் பேசுகிறேன். என் பதில்: இரண்டுமே நடந்தது. அந்தக் கிளர்ச்சி மாற்றியது ஒன்று உண்டு, அது பெரியது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படுகிற மாற்றம் அது அல்ல.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 221-இல் சீனாவின் மற்ற ஆறு நாடுகளையும் வென்று சின் அரசர் முதல் பேரரசர் ஆனார். கி.மு. 210-இல் சுற்றுப்பயணத்தின் நடுவில் இறந்துபோனார். கூடவே இருந்த அரண்மனை அதிகாரி ஜாவ் காவும் முதலமைச்சர் லீ சியும் சேர்ந்து கட்டளையைப் போலியாக எழுதினார்கள். மூத்த மகன் ஃபூசுவைத் தற்கொலை செய்துகொள்ள வைத்து, இளைய மகன் ஹூஹாயை இரண்டாம் பேரரசராக உட்கார வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஏழாம் மாதத்தில், 900 பேரைக் கட்டாயக் காவல் பணிக்கு வடக்கே யூயாங்குக்கு, அதாவது இன்றைய பெய்ஜிங் பக்கம், அனுப்பினார்கள். இன்றைய அன்ஹூய் மாகாணத்தில் தாசே என்ற இடத்தில் கூட்டம் தங்கியபோது அடைமழை பிடித்துக்கொண்டது. பாதை அடைபட்டது. குறித்த நாளுக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது. கூட்டத்தில் குழுத் தலைவர்களாக இருந்த சென் ஷெங்கும் வூ குவாங்கும் தனியாகப் பேசினார்கள். ஓடிப்போனாலும் சாவு, கிளர்ந்தாலும் சாவு; எப்படியும் சாவுதான் என்றால் ஒரு நாட்டுக்காகச் சாகலாமே என்பது அவர்கள் போட்ட கணக்கு. காவலுக்கு வந்த அதிகாரிகள் இருவரையும் கொன்றார்கள். ஆயுதம் தூக்கினார்கள்.

இவ்வளவும் நமக்கு வருவது பெரும்பாலும் ஒரே வழியாக: சுமார் நூறு ஆண்டு கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியான். அவர் எழுதியது ஹான் அரசின் கீழ். அந்த அரசு சின்னை வீழ்த்தி வந்த அரசு. சின் எவ்வளவு கொடியது என்று தெரிகிறதோ, ஹான் ஆட்சிக்கு அவ்வளவு நியாயம் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். கிளர்ச்சி நடந்தது, தொடங்கிய ஆண்டு, யார் தலைமை, எந்த ஊரைப் பிடித்தார்கள், யார் யாரைக் கொன்றார்கள் ஆகியவற்றில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. தலைநகர் நோக்கி "பல லட்சம்" பேர் போனார்கள் என்பது போன்ற எண்ணிக்கைகளையும், இருவர் மட்டும் ரகசியமாகப் பேசிய பேச்சு வரிக்கு வரி பதிவாகியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. "தாமதமானால் சட்டப்படி அனைவருக்கும் தலை வெட்டு" என்று சிமா சியான் எழுதுகிறார். இரண்டாயிரம் ஆண்டுகள் யாருக்கும் இதைச் சரிபார்க்க வழி இருக்கவில்லை. 1975 டிசம்பரில் ஹூபெய் மாகாணத்தின் யுன்மெங் பகுதியில், ஷுயிஹூதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். சின் ஆட்சியில் சட்ட வேலை பார்த்த ஒரு கீழ்நிலை அலுவலருடைய கல்லறை அது. அவர் உடலைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி சின் சட்டங்கள். கட்டாய உழைப்பு பற்றிய விதி அதில் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து நாள் தாமதம் என்றால் கண்டிப்பு. ஆறு முதல் பத்து நாள் என்றால் ஒரு கேடயம் அபராதம். பத்து நாளைத் தாண்டினால் ஒரு கவசம் அபராதம். மழை வெள்ளம் என்றால் அந்த அழைப்பே ரத்து. தலையை வெட்டுவது என்ற பேச்சே அதில் இல்லை.

இதைப் படித்தவுடன் "அப்படியானால் சென் ஷெங் பொய் சொன்னார்" என்று இணையத்தில் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவ்வளவு அவசரம் கூடாது. அந்த விதி கட்டாய உழைப்புக்கானது. சாலை போடுவது, மதில் எழுப்புவது போன்ற வேலைகளுக்கு ஆள் கூப்பிடுவது பற்றியது. எல்லைக் காவலுக்குப் போகிறவர்களுக்குப் போர்க்காலச் சட்டம் பொருந்தியிருக்கலாம், அது கடுமையாகவும் இருந்திருக்கலாம். அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 217-ஐ ஒட்டி. இரண்டாம் பேரரசர் வந்தபிறகு சட்டங்கள் இன்னும் இறுக்கப்பட்டன என்று அதே சிமா சியான் சொல்கிறார். ஆக, ஏடுகள் சிமா சியானை நேரடியாகப் பொய்யாக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்வதற்கும் இனி இடமில்லை. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிமா சியானிடமே இருக்கிற இன்னொரு வரி. 900 பேர் முன்னால் சென் ஷெங் பேசும்போது, "ஒருவேளை தலை தப்பினாலும், எல்லைக் காவலுக்குப் போகிறவர்களில் பத்தில் ஆறேழு பேர் செத்துத்தான் போகிறார்கள்" என்கிறார். தலை தப்பலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிற இடம் அது. ஆட்களை அசைத்தது ஒரு சட்டப் பிரிவு மட்டுமல்ல. போனவர்கள் திரும்பி வரவில்லை என்பதை ஊர் ஊராகப் பார்த்த அனுபவம் அதைவிடப் பெரியது. தெற்கத்தி விவசாயியை அறியாத குளிர் நாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிற ஆட்சி அது. முதல் பேரரசரின் கல்லறைக்கும் புது அரண்மனைக்கும் ஏழு லட்சம் கைதிகள் வேலை செய்தார்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்த எண்ணைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கிப் பார்த்தாலும் அது தாங்கக்கூடிய சுமை இல்லை. தேர்வில் எழுதுவதாக இருந்தால், "தாமதத்துக்கு மரண தண்டனை என்று சிமா சியான் கூறுகிறார், ஷுயிஹூதி ஏடுகள் இதில் ஐயம் எழுப்புகின்றன" என்று எழுதுங்கள். அதுதான் நேர்மையான வாக்கியம்.

அடுத்தது முக்கியத்துவம். அந்த 900 பேர் முன்னால் சென் ஷெங் கேட்ட கேள்வி சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும்: "அரசரும் பிரபுவும் தளபதியும் அமைச்சரும் பிறப்பிலேயே தனி வித்தா?" இதை இன்று கேட்டால் நமக்குச் சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு அப்படியில்லை. ஆட்சி மாறலாம் என்ற எண்ணம் சீனாவில் ஏற்கெனவே இருந்தது. வானம் ஒரு வம்சத்துக்குக் கொடுத்த ஆணையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஒருவருக்குக் கொடுக்கும் என்று சின்னுக்கு முன்பு ஆண்ட ஜோவ் அரசர்கள் காலத்திலிருந்தே சொல்லி வந்தார்கள். ஆனால் அந்த "வேறு ஒருவர்" எப்போதும் ஒரு பிரபுவாக, ஒரு சிற்றரசனாக, நீண்ட முன்னோர் வரிசை உள்ள ஆளாகத்தான் இருந்தார். கூலிக்கு அடுத்தவன் நிலத்தை உழுதவன் அந்த வரிசையில் வர முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. சென் ஷெங் அப்படிக் கூலிக்கு உழுதவர். சென் என்ற நகரத்தைப் பிடித்தபோது (அவர் குடும்பப் பெயரும் அதே ஒலிதான்; குழப்பிக்கொள்ள வேண்டாம்) படித்த ஆலோசகர்கள் இருவர் வந்து, நீங்கள் அரசராக வேண்டாம், பழைய ஆறு நாடுகளின் அரச குடும்பத்தாரைத் தேடிப் பிடித்து உட்கார வையுங்கள் என்றார்கள். அரசியல் தந்திரமாக அது நல்ல யோசனைதான். அவர் கேட்கவில்லை. ஜாங் சூ என்ற பெயரில் நாடு அறிவித்துத் தானே அரசரானார்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வித்து வேண்டியதில்லை என்று சொன்ன அதே ஆள், கிளர்ச்சியைத் தொடங்கும்போது தன் பெயரில் தொடங்கவில்லை. இறந்துபோன இளவரசர் ஃபூசுவின் பெயரையும், சின் வென்ற ஆறு நாடுகளில் ஒன்றான சூ நாட்டின் பழைய தளபதி சியாங் யானின் பெயரையும் சொல்லித்தான் ஆள் சேர்த்தார். அதற்கும் முன்னால் சகுனங்களை வேறு ஏற்பாடு செய்தார்கள். பட்டுத் துணியில் சிவப்பு மையால் "சென் ஷெங் அரசராவார்" என்று எழுதி மீன் வயிற்றுக்குள் வைத்தார்கள். சிப்பாய்கள் வாங்கிச் சமைக்கப்போன மீனில் அது வந்தது. இரவில் வூ குவாங் பக்கத்துக் கோயில் தோப்புக்குள் போய்த் தீ மூட்டி, நரி ஊளையிடுவது போல "மகா சூ எழும், சென் ஷெங் அரசராவார்" என்று கத்தினார். மறுநாள் காலை எல்லாரும் சென் ஷெங்கைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அப்புறம்தான், குடித்திருந்த அதிகாரியிடம் ஓடிப்போகப் போகிறேன் என்று வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் சொல்லி, வூ குவாங் சவுக்கடி வாங்கினார். கூட்டத்துக்கு அவர்மேல் பிரியம் அதிகம். அடியைப் பார்த்துக் கொதித்தது. அதிகாரி வாளை உருவ, அதைப் பிடுங்கிக் குத்தினார். பழைய உலகத்தின் நம்பிக்கைகளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அந்தப் புதிய கேள்வியைக் கேட்க முடிந்தது. அந்தக் கேள்வியின் துணிச்சல் இதனால் குறைவதில்லை. கேட்பவர்களுக்குப் புரிகிற மொழியில் பேசினார்கள், அவ்வளவுதான்.

கேள்வியின் விடை ஏழே ஆண்டில் வந்தது. கி.மு. 202-இல் பேரரசரான லியு பாங், சின் ஆட்சியில் ஒரு சின்ன ஊர்க்காவல் நிலையத்தின் தலைவராக இருந்தவர். அவரோடு இருந்தவர்களைப் பாருங்கள். சியாவ் ஹே மாவட்ட எழுத்தர். ஃபான் குவாய் நாய் இறைச்சி விற்றவர். ஜோவ் போ பட்டுப்புழு வளர்க்கும் தட்டு முடைந்து பிழைத்தவர், சாவு வீட்டில் குழல் ஊதியவர். குவான் யிங் துணி வியாபாரி. இவர்கள் அமைச்சர்களும் தளபதிகளும் பிரபுக்களும் ஆனார்கள். அவர்கள் எழுப்பிய ஹான் வம்சம், இடையில் ஒரு முறிவோடு, நானூறு ஆண்டு நீடித்தது. லியு பாங்கின் வெற்றிக்கு அவருடைய சொந்தத் திறமையே பெரிய காரணம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தாசேயில் கதவு உடைந்திராவிட்டால் அவர் தன் ஊரில் எழுந்திருக்கவே மாட்டார். சென் ஷெங் சென் நகரத்தைப் பிடித்த செய்தி வந்த பிறகுதான் ஊர் ஊராக மக்கள் சின் அதிகாரிகளைக் கொன்றார்கள். லியு பாங் எழுந்ததும், தெற்கே சியாங் லியாங்கும் அவர் அண்ணன் மகன் சியாங் யூவும் எழுந்ததும் அந்த அலையில்தான். மூன்று ஆண்டு முடிவதற்குள் சின் விழுந்தது. சிமா சியான் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: சென் ஷெங் செத்துப் போனாலும், அவர் நியமித்து அனுப்பிய அரசர்களும் தளபதிகளும்தான் கடைசியில் சின்னை அழித்தார்கள், தொடங்கியவர் அவர்.

அந்த அலையின் வேகத்தைச் சின் அரண்மனை எப்படி எதிர்கொண்டது என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. செய்தி வந்ததும் இரண்டாம் பேரரசர் அறிஞர்களைக் கூட்டி, இது என்ன என்று கேட்டார். கலகம், உடனே படை அனுப்புங்கள் என்று பலர் சொன்னார்கள். அவர் முகம் மாறியது. ஷூசுன் தோங் என்ற அறிஞர் முன்வந்து, மேலே நல்ல பேரரசர், கீழே தெளிவான சட்டம், இதில் கலகம் எங்கிருந்து வரும், இவர்கள் வெறும் எலி நாய் மாதிரித் திருடர்கள், உள்ளூர் அதிகாரிகளே பிடித்துவிடுவார்கள் என்றார். பேரரசருக்கு மகிழ்ச்சி. கலகம் என்று சொன்னவர்கள் விசாரணைக்குப் போனார்கள்; ஷூசுன் தோங்குக்குப் பட்டும் உடையும் பதவியும் கிடைத்தன. அவர் உயிர் பிழைத்தோம் என்று அந்த ஊரைவிட்டே ஓடிவிட்டார். பின்னாளில் லியு பாங்கின் அரசவைக்குச் சடங்கு முறைகளை வகுத்துக் கொடுத்தவரும் இவரேதான். ஓர் ஆட்சி தன் மக்களிடமிருந்து வருகிற செய்தியைக் கேட்கிற காதை இழந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சியை நான் படித்ததில்லை. ஜோவ் வென் தலைமையில் கிளர்ச்சிப் படை தலைநகரின் கிழக்கு வாசல் வரைக்கும் வந்தபிறகுதான் அவர்கள் விழித்தார்கள். லீஷானில் முதல் பேரரசரின் கல்லறை வேலை செய்துகொண்டிருந்த கைதிகளை விடுதலை செய்து ஆயுதம் கொடுத்து, ஜாங் ஹான் என்ற அதிகாரி எதிர்த்தார். ஜோவ் வென் தோற்றார். அங்கிருந்து கிளர்ச்சி சரிந்தது.

சரி, ஏன் தோற்றார்கள்? எதிரி பலமானவன் என்பது பாதிக் காரணம்தான். அனுப்பிய தளபதிகள் ஆங்காங்கே தாங்களே அரசரானார்கள். ஜாவ் நாட்டைப் பிடிக்கப்போன வூ சென் அங்கேயே அரசரானார், அவர் அனுப்பிய ஆள் யான் நாட்டில் அரசரானார். வூ குவாங், சிங்யாங் என்ற கோட்டையை முற்றுகையிட்டு முடிக்க முடியாமல் திணறியபோது, கீழே இருந்த தியான் ஜாங் என்பவர் அரசரின் கட்டளை என்று பொய் சொல்லி அவரைக் கொன்று தலையை சென் ஷெங்குக்கு அனுப்பினார். சென் ஷெங் அந்த ஆளைத் தண்டிக்கவில்லை, உயர்ந்த பதவி கொடுத்தார். தண்டிக்கும் பலம் அவரிடம் இல்லை. இன்னொன்று மனதை உறுத்துவது. கூலிக்கு உழுத காலத்தில் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "நம்மில் யார் பெரிய ஆளானாலும் மற்றவரை மறக்கக் கூடாது" என்று சொன்னவர் அவர். அரசரான பிறகு அப்படி ஒரு பழைய கூட்டாளி தேடி வந்தார். அரண்மனையைப் பார்த்து வாய் பிளந்தார். உள்ளே வெளியே போய்வந்து பழைய கதைகளையெல்லாம் பேசினார். மரியாதை குறைகிறது என்று யாரோ சொல்ல, சென் ஷெங் அவரைக் கொன்றுவிட்டார். மற்ற பழைய நண்பர்கள் எல்லாரும் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். கி.மு. 208-இன் தொடக்கத்தில், பின்வாங்கிப் போகும் வழியில், அவருடைய தேரோட்டி ஜுவாங் ஜியா அவரைக் கொன்று சின் பக்கம் சேர்ந்தார்.

இவ்வளவு சீக்கிரம் முடிந்தவரை அடுத்த தலைமுறை எப்படி நினைத்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான சாட்சி. இந்த இடத்தில் சான்று உறுதியாக இருக்கிறது. லியு பாங் பேரரசரான பிறகு சென் ஷெங்கின் கல்லறையைப் பாதுகாக்க முப்பது குடும்பங்களை நியமித்தார். தன் காலம் வரை அங்கே படையல் நடக்கிறது என்று சிமா சியான் எழுதுகிறார். அதே சிமா சியான் சென் ஷெங்கைச் சாதாரண வாழ்க்கை வரலாறுகளில் சேர்க்காமல், பெரிய பிரபு குடும்பங்களுக்கென ஒதுக்கிய பகுதியில் வைத்தார். கன்பூசியஸையும் அவர் வைத்தது அதே பகுதியில்தான். கன்பூசியஸின் வழித்தோன்றலான கோங் ஜியா சென் ஷெங்கிடம் அறிஞராகச் சேர்ந்து அவரோடேயே செத்தார் என்ற செய்தியும் அவரிடம் உண்டு. சிமா சியானை யாராவது அரசியல் காரணத்துக்காக எழுதினார் என்று சந்தேகப்பட்டால், மண்ணுக்குள்ளிருந்து வந்த இன்னொரு சாட்சி இருக்கிறது. ஹூனான் மாகாணத்தின் மாவாங்துயில், கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு பிரபு வீட்டுக் கல்லறையில் 1973-இல் பட்டுச் சுவடிகள் கிடைத்தன. அதில் கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் சுவடியில் ஆண்டு வரிசை வருகிறது. முதல் பேரரசரின் ஆண்டுகள் வருகின்றன, ஹான் ஆண்டுகள் வருகின்றன; இடையில் இரண்டாம் பேரரசரின் பெயர் இல்லை, ஜாங் சூ என்று இருக்கிறது. ஆறு மாதம் இருந்த ஒரு நாட்டின் பெயரைச் சின்னின் கடைசி ஆண்டுகளுக்கு அடையாளமாக வைத்தார்கள். வானியல் அட்டவணையில் யாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுவதில்லை. ஹான் ஆட்சியின் தொடக்கத்தில் சென் ஷெங்கின் அரசை முறையான அரசாகவே எண்ணினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் மனம் மாறுகிறது: கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பான் கூ, சென் ஷெங்கை அந்த உயர்ந்த பகுதியிலிருந்து இறக்கி சாதாரண வாழ்க்கை வரலாறுகளுக்குள் கொண்டுவந்தார். நிலைத்துவிட்ட வம்சத்துக்குக் கிளர்ச்சிக்காரரைக் கௌரவிப்பது அவ்வளவு வசதியாக இல்லை.

ஆள்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது பயம். ஹான் அரசவையில் இளம் வயதிலேயே பேர் வாங்கிய ஜியா யீ, சின் ஏன் விழுந்தது என்று ஆராய்ந்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஆறு நாடுகளின் பெரும்படைகளால் முடியாததை, மரத்தை வெட்டி ஆயுதமாகவும் கழியை நட்டுக் கொடியாகவும் வைத்துக்கொண்ட ஒரு கூலியாள் எப்படிச் செய்தார் என்பதுதான் அதன் மையம். அவர் பேசியது பேரரசர் வென் காலத்து அரசவையில். அதே வென்தான் நில வரியைப் பாதியாகக் குறைத்தார், கி.மு. 167-இல் அதை முழுக்க நீக்கினார், அதே ஆண்டு உடல் உறுப்பைச் சிதைக்கும் தண்டனைகளையும் நீக்கினார். தாசே கிளர்ச்சிதான் இதற்கு நேரடிக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஆதாரம் போதாது. ஆனால் அந்தத் தலைமுறை கொள்கை பேசும்போதெல்லாம் சின்னின் வீழ்ச்சி பேச்சில் வந்துகொண்டே இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

மாறாதது எது என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். சின் கட்டிய இயந்திரம் அப்படியே நின்றது. மாவட்டம், குடும்பப் பதிவேடு, தலைக்கணக்கு, கட்டாய உழைப்பு, எல்லைக் காவல் எல்லாம் ஹான் ஆட்சியிலும் தொடர்ந்தன. 1983-க்குப் பிறகு ஜாங்ஜியாஷானில் கிடைத்த ஹான் தொடக்ககாலச் சட்ட ஏடுகளைச் சின் ஏடுகளோடு வைத்துப் பார்த்தால் பல இடங்களில் ஒன்றின் பிரதி மற்றது போலவே இருக்கிறது. உழுகிறவன் வாழ்க்கை சற்று இலகுவானது. அவனை ஆள்கிற முறை மாறவில்லை. பின்னால் வந்த பெரும் கிளர்ச்சிகளிலும் இதே கதை: கி.பி. 184-இல் மஞ்சள் தலைப்பாகையினர், 875-இல் தொடங்கிப் பத்தாண்டு நாட்டை உலுக்கிய ஹுவாங் சாவ், 1644-இல் பெய்ஜிங்குக்குள் நுழைந்த லீ ஜிசெங். வம்சம் ஆட்டம் கண்டது அல்லது விழுந்தது, பேரரசு முறை திரும்பத் திரும்ப எழுந்து நின்றது. வறுமையில் பிறந்து பேரரசராகவே முடிந்த ஜூ யுவான்ஜாங் 1368-இல் மிங் வம்சத்தை நிறுவியபோதும் அப்படித்தான். அவரைக் கிளப்பிவிட்ட அலையின் தொடக்கத்தைப் பார்த்தால் தாசே நினைவுக்கு வரும். 1351-இல் மஞ்சள் ஆற்றைச் சீர்செய்ய லட்சக்கணக்கில் ஆட்களை இழுத்துவந்தபோது, ஆற்றுப் படுகையில் ஒற்றைக்கண் கல் மனிதச் சிலையை முன்கூட்டியே புதைத்து வைத்து, அது வெளிப்பட்டால் நாடே கிளர்ந்தெழும் என்று பாட்டுக் கட்டிப் பரப்பினார்கள். மீன் வயிற்றுப் பட்டுத் துணியின் அதே உத்தி, ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குப் பிறகு.

பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னது எவ்வளவு என்று கேட்டீர்கள். கணிசமாக. 1939-இல் மாவோ எழுதியதில் சென் ஷெங் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தைப்பிங் கிளர்ச்சி வரை பெரிய கிளர்ச்சிகளை வரிசையாகச் சொல்லி, இந்த விவசாயப் போர்களே நிலப்பிரபுத்துவச் சீனாவின் வரலாற்றை முன்னே தள்ளிய உண்மையான விசை என்றார். 1949-க்குப் பிறகு சீன வரலாற்று ஆய்வில் விவசாயப் போர்கள் தனிப் பெரும் துறையாகவே ஆகின. பாடப் புத்தகத்தின் "முதல் மாபெரும் விவசாயக் கிளர்ச்சி" என்ற சொற்றொடர் அங்கிருந்து வருகிறது. அதை எதிர்ப்பவர்கள், இது விவசாயிகள் நிலப்பிரபுக்களை எதிர்த்த போர் அல்ல, அழிக்கப்பட்ட சூ நாடு சின்னைப் பழிவாங்கிய போர் என்கிறார்கள். சூ என்ற பெயரில் எழுந்தார்கள், சூ தளபதியின் பெயரைச் சொன்னார்கள், வென்ற சியாங் யூவும் லியு பாங்கும் சூ பகுதிக்காரர்கள். ஆக வாதத்தில் பலம் இருக்கிறது. சென் ஷெங்குக்கும் வூ குவாங்குக்கும் இயற்பெயருக்கு மேல், பொதுவாக மேல்தட்டினர் வைத்துக்கொள்ளும் மரியாதைப் பெயரும் இருந்ததைக் காட்டி, அவர்கள் அவ்வளவு ஏழைகள் இல்லை என்போரும் உண்டு. என் நிலைப்பாடு: சூ நாட்டுப் பற்றுதான் தீ பரவிய காய்ந்த புல். ஆனால் பற்றவைத்தவர்கள் கட்டாயப் பணிக்கு இழுக்கப்பட்ட கிராமத்து ஆட்கள், பற்றவைத்த காரணமும் அந்தக் கட்டாயப் பணிதான். பழைய சூ அரச குடும்பத்தை எழுப்ப வந்தவர்களாக இருந்தால் சென் ஷெங் தானே அரசராகியிருக்க மாட்டார். அவருடைய தளபதி ஒருவர் தெரியாமல் வேறொருவரைச் சூ அரசராக்கிவிட்டு, விஷயம் தெரிந்ததும் அந்த ஆளைக் கொன்றுவிட்டே திரும்பி வந்தார். அப்படியும் சென் ஷெங் அந்தத் தளபதியை விட்டுவைக்கவில்லை.

"முதல்" என்ற சொல்லை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள். கி.மு. 841-இலேயே ஜோவ் அரசர் லீயைத் தலைநகர மக்கள் துரத்தியடித்தார்கள். ஆனால் அவர்கள் நகரவாசிகள், அரசரைத் துரத்தினார்களே தவிர அரச குடும்பத்தை மாற்றவில்லை. ஆகவே "ஒன்றுபட்ட பேரரசுக்கு எதிரான முதல் பெரிய மக்கள் கிளர்ச்சி, அரச பதவிக்கும் பிறப்புக்கும் இருந்த பிணைப்பை வெளிப்படையாக மறுத்த முதல் கிளர்ச்சி" என்று எழுதினால் யாராலும் குறை சொல்ல முடியாது. "நிலப்பிரபுத்துவத்தை வீழ்த்தியது" என்று எழுதாதீர்கள், அது நடக்கவில்லை.